தொட்டால் கடிக்கும் பூனை

மாலை ஆறு மணிக்கு மேல் சிங்கப்பூர்த் தேக்காவின் கெர்பாவ் ரோட்டுப் பின்சந்தில் வெயில் தணிந்துவிடும். பூக்கடையிலிருந்து விழுந்த நாரும் ஈர அட்டைப்பெட்டிகளும் கிடக்கும் அஞ்சடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை படுத்திருக்கிறது. இடது காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருக்கிறது. கருத்தடை செய்யப்பட்ட தெருப்பூனை என்பதற்கு இங்கே அதுதான் அடையாளம். வேலை முடிந்து போகும் இளைஞர் ஒருவர் குனிந்து அதன் கன்னத்தைத் தடவுகிறார். பூனை கண்ணை மூடிக்கொள்கிறது. கை கழுத்தைத் தாண்டி முதுகில் இறங்குகிறது. வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, குளத்தில் கல் விழுந்தாற்போலத் தோல் அலையலையாக நெளிகிறது. வால் நுனி இரண்டு முறை தரையில் அடிக்கிறது. மறுகணம் கையில் பல் பதிந்துவிடுகிறது.

“திமிரு புடிச்ச பூனை தம்பி, அதத் தொடாதீங்க” என்கிறார் பூக்கடை அக்கா.

தேக்காவில் மட்டுமல்ல, பூனை இருக்கிற ஊரிலெல்லாம் இந்தக் காட்சி உண்டு. அன்போடு நீண்ட கைக்குக் கடி கிடைத்தால், கையின் மீது யாரும் சந்தேகப்படுவதில்லை. பூனையின் குணத்துக்குத்தான் பெயர் வைக்கிறோம்: திமிர், நன்றிகெட்டது, சகுனம் சரியில்லாதது. இன்னொரு உயிரின் வலியை நம்புவதற்கு நமக்கு என்ன சான்று வேண்டும்? தத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சுற்றிவரும் கேள்வி இது. தேக்காவின் பின்சந்தில் அது ஒரு பூனையின் முதுகில் நெளிந்து காட்டுகிறது.

முதலில் அந்த முதுகைப் பார்த்துவிடலாம். பூனையின் உடம்பில் தோலுக்கு அடியிலேயே ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய தசை விரிந்திருக்கிறது. மாடு நின்ற இடத்திலிருந்தே ஈயை உதறுவது இதே தசையால்தான். தேக்காவின் பழைய பெயர்களில் ஒன்று கண்டாங் கெர்பாவ், மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். பக்கத்துத் தெருவுக்கு இன்றும் பஃபலோ ரோடு என்றே பெயர். அந்தத் தொழுவங்களில் மாடு மேய்த்துப் பால் கறந்த தமிழர்களுக்கு, தோல் தானாகத் துடிப்பது எதற்கென்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஏதோ கடிக்கிறது, ஏதோ உறுத்துகிறது.

பூனையைக் கடிப்பது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. குளிர்காலம் வரும் நாடுகளில் அதன் பெருக்கம் கொஞ்சம் அடங்கும். ஆண்டு முழுக்கச் சூடும் ஈரமுமாக இருக்கும் சிங்கப்பூரில் அதற்கு ஓய்வே இல்லை. பூச்சியின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஓரிரு கடியே போதும். வாலடி, முதுகு, கழுத்து எங்கும் பொடிப்பொடியாகப் பொருக்குத் தட்டும். மயிரைக் கோதினால் தினை தூவியதுபோல் விரலில் நெருடும். மருத்துவ நூல்களும் அதற்குத் தினையின் பெயரைத்தான் வைத்திருக்கின்றன. மிலியரி என்ற சொல் தினை வகைத் தானியத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. “எங்க பூனைகிட்ட பூச்சியே இல்லீங்க” என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அரிப்பெடுத்த பூனை நாள் முழுக்க நக்கி நக்கிப் பூச்சியை விழுங்கிவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சீப்பால் வாரி, விழுகிற கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது பூச்சியின் எச்சம். கசிவது பூனையின் இரத்தம்.

படர்தாமரை, உணவு ஒவ்வாமை, காதுப்பேன், சொறி, வயதான பூனைகளுக்கு முதுகெலும்பிலும் மூட்டிலும் வரும் தேய்மானம் என்று இன்னும் பல உண்டு. இவை எதுவும் இல்லாமலே, முதுகைத் தொட்டாலே தோல் நெளிந்து, கண்மணி விரிந்து, தன் வாலையே எதிரியாக நினைத்துத் துரத்திக் கடிக்கும் நிலையும் உண்டு. ஹைப்பரெஸ்தீசியா என்று அதற்குப் பெயர். தொடுகையே வலியாக மாறிப்போன நிலை. மற்ற எல்லா நோய்களும் இல்லையென்று ஒவ்வொன்றாக உறுதி செய்த பிறகே மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். காரணம் புரியாமல் தன் மயிரைத் தானே நக்கி உதிர்த்துக்கொள்ளும் பூனைகளுக்கு, மனக்கோளாறு என்று சீட்டு எழுதுவது வழக்கமாக இருந்தது. அப்படி முத்திரை குத்தப்பட்ட 21 பூனைகளை முழுமையாகப் பரிசோதித்து 2006இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 16 பூனைகளுக்குத் தோலில் நிஜமான நோய் இருந்தது, பெரும்பாலும் ஒவ்வாமை. மூன்றுக்கு நோயும் மனமும் கலந்திருந்தன. மனம் மட்டுமே காரணம் என்று சொல்ல இரண்டுதான் எஞ்சின. படித்த மருத்துவர்கள் சொன்ன மனக்கோளாறுக்கும் பூக்கடை அக்கா சொன்ன திமிருக்கும் பெரிய தூரமில்லை. இரண்டுமே வலிக்கிறது என்று சொல்லும் தோலை நம்ப மறுத்த சொற்கள்.

தோல் சொல்வதற்குத் தமிழில் முதல் இடம் கொடுத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு. அது உற்றறிதல், உடம்பால் தொட்டறிவது. நத்தைக்கும் சிப்பிக்கும் நாவறிவு சேர்ந்து இரண்டு. எறும்புக்கும் கறையானுக்கும் மூக்கறிவோடு மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் கண்ணோடு நான்கு, விலங்குகளுக்குச் செவியோடு ஐந்து. மனிதருக்கு ஆறாவது, மனம். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் ஆன்மாவைப் பற்றிய தம் நூலில், விலங்கு என்று ஒன்று இருந்தால் அதற்குத் தொடு உணர்ச்சி கட்டாயம் இருக்கும், மற்றவை இல்லாமலும் போகலாம் என்று எழுதினார். கண்ணும் காதும் பின்னால் வந்தவை. தோல் முதலில் வந்தது. புல்லிலிருந்து மனிதர் வரை எல்லா உயிருக்கும் பொதுவாக இருப்பது அந்த ஓர் அறிவுதான்.

அறிவியலும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது, அதுவும் பூனையின் வழியாக. 1939இல் சுவீடன் நாட்டு உடலியலாளர் இங்வே சோட்டர்மன், பூனையின் தோல் நரம்புகளில் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார். வலியை ஏற்றிச் செல்வதற்கென்றே கருதப்பட்ட மெல்லிய, மெதுவான நரம்பிழைகளில் சில, மென்மையான வருடலுக்கும் விழித்துக்கொள்வதைக் கண்டார். மனிதத் தோலிலும் அதே வகை இழைகள் இருப்பது தெரியவர அரை நூற்றாண்டு ஆனது. நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை அதிகமாகத் துடிக்கின்றன என்றும், அந்த வேகத்தையே மனிதர்கள் இதமானது என்கிறார்கள் என்றும் 2009இல் காட்டினார்கள். தாய் குழந்தையைத் தடவிக்கொடுக்கும் வேகமும் ஏறக்குறைய அதுவே. தாயின் வருடலில் நடப்பதை மருத்துவம் புரிந்துகொள்ளத் தொடங்கியது ஆய்வகப் பூனைகளின் தோலிலிருந்து. அந்தக் கடன் பெரியது.

வலியும் வருடலும் அவ்வளவு அருகருகே ஓடும்போது, எது எப்போது எதுவாக மாறும் என்பதைத் தொடுகிற கை தீர்மானிக்க முடியாது. தொடப்படுகிற தோல்தான் சொல்ல வேண்டும்.

சிராங்கூன் ரோட்டில் தேக்கா சந்தையிலிருந்து வடக்கே நடந்தால் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் வரும். 1855இல் தோன்றிய வைணவக் கோயில். வைணவத்தில் ஒரு பெரிய வழக்குக்குப் பூனையின் பிடரித்தோலே உவமையாக இருக்கிறது. வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் பதினெட்டு வேறுபாடுகள் என்று பட்டியலிடுவார்கள். அவற்றின் மையத்தில் நிற்பது மர்க்கட நியாயம், மார்ச்சார நியாயம் என்ற இரண்டு. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது; உயிரும் இறைவனை அப்படித் தன் பங்குக்குப் பற்ற வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்தவர்களின் நிலை. பூனைக்குட்டி எதுவும் செய்வதில்லை. தாய்தான் பிடரியைக் கவ்வித் தூக்கிப் போகிறது. அருளும் அப்படியே, உயிர் தடுக்காமல் இருந்தால் போதும் என்பது பிள்ளை லோகாசாரியரையும் மணவாள மாமுனிகளையும் பின்பற்றுவோர் நிலை.

உவமை சொன்னவர்கள் பூனையை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். பிடரியைக் கவ்வியதும் குட்டி துவண்டு, கால்களை மடக்கி, சத்தமில்லாமல் தொங்கும். எலியை ஒரே கடியில் கொல்லும் அதே பற்கள் குட்டியின் தோலில் கீறல்கூட விழாமல் பிடிக்கும். தாய் தூக்கிக்கொண்டு நடந்தால் எலிக்குஞ்சும் மனிதக் குழந்தையும்கூட இதயத்துடிப்பு குறைந்து அமைதியாவதை 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். தென்கலை மரபில் இறைவனின் வாத்சல்யத்தை விளக்க இன்னோர் உவமையும் உண்டு. ஈன்ற பசு கன்றின் உடம்பிலுள்ள அழுக்கை அருவருக்காமல், விரும்பி நக்கித் துடைக்கிறது. இறைவன் உயிர்களின் குற்றத்தை அப்படி ஏற்கிறான் என்பார்கள். நோய்ப்பட்ட, அழுக்கேறிய தோலின் மீது நாக்கை வைக்கும் அன்பு. இறையன்பை இதைவிட நெருக்கமாகத் தோலில் வைத்துச் சொன்ன உவமை அரிது.

ஆனால் மனிதர் இந்த உவமையைக் கையில் எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது. பிடரியைப் பிடித்தால் பூனை அடங்கும் என்று நம்பி, வளர்ந்த பூனையையும் அப்படியே தூக்குகிறவர்கள் நிறையப் பேர். மருத்துவமனை மேசையிலும் நீண்ட காலம் அதுவே வழக்கம். வளர்ந்த பூனை பிடரிப் பிடியில் அசையாமல் இருப்பது எப்போதும் அமைதியால் அல்ல. பல நேரம் அச்சத்தில் உறைந்துபோவதால். அமெரிக்கப் பூனை மருத்துவர்களும் பன்னாட்டுப் பூனை மருத்துவ அமைப்பும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில் பிடரியைப் பிடித்து அடக்குவதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். தோலில் புண்ணோ முதுகில் நோவோ உள்ள பூனைக்கு அந்தப் பிடி இரட்டை வேதனை.

குட்டி துவள்வது தாயிடம். தாய்க்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியும், குட்டிக்கு எது நோகும் என்று தெரியும், எப்போது இறக்கிவிட வேண்டும் என்றும் தெரியும். அந்த மூன்றும் தெரியாத கை, தாயின் உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது. எல்லாம் அறிந்த இறைவனுக்கு மார்ச்சார நியாயம் பொருந்தலாம். மனிதக் கைக்கு மர்க்கட நியாயமே பொருந்தும்: கையை நீட்டிக் காத்திருப்பது நம் வேலை, வந்து பற்றுவதா விடுவதா என்பது அந்த உயிரின் வேலை. பூனைகளைத் தொடுவது பற்றி இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளும் வேறொன்றும் சொல்லவில்லை. கன்னம், மோவாய், காதடி ஆகியவற்றைத் தொட்டால் பூனைகள் பெரும்பாலும் விரும்புகின்றன. வாலடியைத் தொட்டால் வெறுக்கின்றன என்று 2015இல் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. தொடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையைப் பூனையிடமே விட்டால் கடியும் கீறலும் குறைகின்றன என்று 2021இல் இன்னோர் ஆய்வு காட்டியது.

இதைக் கேட்டதும் சிலர் வேறு பக்கம் திரும்புவார்கள். சொறி பிடித்த பூனை எந்த வினையால் அப்படிப் பிறந்ததோ, அதை அனுபவித்துத் தீர்க்கட்டும், நாம் ஏன் குறுக்கே போக வேண்டும் என்பார்கள். தமிழர் வாழ்வில் தோல்நோய் எப்போதும் வெறும் நோயாக இருந்ததில்லை. அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்றோம். வேப்பிலையால் வருடினோம், சொறியவிடாமல் பார்த்துக்கொண்டோம். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் நாயனார் சுந்தரருக்குக் கண்ணும் போயிற்று, மேனியில் பிணியும் வந்தது. திருத்துருத்திக் குளத்தில் மூழ்கி எழுந்தபோது பிணி நீங்கியது என்கிறது பெரியபுராணம். அந்த ஊர் இன்றைய குத்தாலம். பூனை எந்த வாக்கையும் கொடுக்கவில்லை, எந்த வாக்கையும் மீறவில்லை. சைவத்தில் பொதுவாகச் சொல்லப்படுவதுபோல், விலங்குப் பிறவி பழைய வினையை நுகர்வதற்கே, புதிய வினையை ஈட்டுவதற்கு அன்று என்று வைத்துக்கொண்டாலும், அந்த நுகர்வுக்கு நடுவே நிற்கும் மனிதனுக்கு என்ன கடமை?

இந்த மறுப்பை வள்ளலார் நேராகவே எதிர்கொண்டார். உயிர்கள் படும் துன்பம் கடவுளின் கட்டளைப்படி வந்ததென்றால் அதை நீக்குவது கட்டளைக்கு விரோதமாகாதா என்ற கேள்வியைச் ‘சீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற நூலில் அவரே எழுப்பி விடை சொல்கிறார். பெருங்குற்றம் செய்த சிறையாளிக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு சோறு கொடுக்கச் செய்கிறான் அல்லவா என்பது அவர் காட்டும் உவமை. தண்டனை இருக்கலாம், இரக்கத்துக்குத் தடை எங்கும் எழுதப்படவில்லை. 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கியவர் பசியைத்தான் முதலில் வைத்தார். உயிர்களுக்கு வரும் துன்பங்களை அவர் வரிசைப்படுத்தும்போது பசி, தாகம், பிணி என்று பிணி மூன்றாவதாகவே வந்துவிடுகிறது. திருவள்ளுவரும் இன்னா செய்யாமை அதிகாரத்தில் அறிவின் பயனையே இதோடு கட்டிவிட்டார்: பிற உயிரின் நோயைத் தன் நோயாக எண்ணாவிட்டால் அந்த அறிவால் ஆவதென்ன என்று கேட்கிறார். பூனையின் உற்றறிவு சொல்வதைக் கேட்கத்தான் மனிதருக்கு ஆறாவது அறிவு என்று தொல்காப்பியத்தையும் குறளையும் சேர்த்துப் படித்தால் தோன்றுகிறது.

தேக்காவுக்கு அருகே டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. பூனையைப் பற்றி அங்கே தொழ வருகிறவர்களுக்குத் தயக்கமே இல்லை. நபித்தோழர் அபூ ஹுரைராவின் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்று பொருள். ஒரு பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்ன வெளியிலும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்ததாகப் புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. இன்னொரு செய்தி இன்னும் நுட்பமானது. இன்னொரு நபித்தோழரான அபூ கத்தாதா தொழுகைக்கு முன் உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைக் குடிக்க ஒரு பூனை வந்தது. அவர் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதல்ல, அது உங்களைச் சுற்றி வருகிற ஒன்று என்று நபிகள் சொன்னதாகக் கூறினார். தீண்டு என்ற சொல்லிலிருந்து தீண்டாமையை உண்டாக்கி மனிதரையே தள்ளிவைத்த சமூகத்துக்கு, அந்தச் சாய்ந்த பாத்திரம் நின்று பார்க்க வேண்டிய காட்சி. அவர் பூனையைத் தூக்கவில்லை, தடவவில்லை. அது எட்டும் உயரத்துக்குப் பாத்திரத்தைத் தாழ்த்தினார்.

சிங்கப்பூரின் சட்டமும் இப்போது பாத்திரத்தைச் சாய்த்திருக்கிறது. 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. வளர்த்தவர்கள் மறைத்து வளர்த்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் அந்தத் தடை இல்லை. ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் நுண்சில்லும் வேண்டும். உரிமம் எடுக்க 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். 35 ஆண்டுகள் கதவுக்குப் பின்னால் இருந்த பூனைகள் கணக்குக்குள் வருகின்றன. இது நல்ல மாற்றம்; தாமதமாக வந்த மாற்றமும்கூட.

கணக்குக்குள் வந்த பூனைக்கு அடுத்து வேண்டியது சரியான கைவைத்தியம்கூட அல்ல, கைவைத்தியத்தை நிறுத்துவது. தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள், தைலம் என்று நம் வீட்டில் தோலுக்குத் தடவுவதெல்லாம் மனிதத் தோலுக்கு. பூனைக்குத் தடவுகிற எதுவும் விரைவிலேயே அதன் வயிற்றில் இருக்கும், ஏனென்றால் அது தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. பல மருந்துகளை முறித்து வெளியேற்றும் கல்லீரல் வேதிமாற்றம் ஒன்று பூனைக்கு மிகக் குறைவு. மனிதருக்கான பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூட அதைக் கொன்றுவிடலாம். நாய்க்கென விற்கும், பெர்மெத்ரின் கலந்த தெள்ளுப்பூச்சி மருந்தைப் பூனைக்கு ஊற்றினால் வலிப்பு வந்து அது சாகக்கூடும். இரக்கத்தோடு செய்கிறவர்களே அறியாமல் செய்யும் கொடுமை இது.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பூனையின் முகத்தருகே ஒரு விரலை நீட்டுங்கள். அது வந்து உரசினால் கன்னத்தில் தொடங்குங்கள். சில நொடிகளில் கையை எடுத்துப் பாருங்கள். மீண்டும் வந்தால் தொடருங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். தோல் நெளிந்தாலோ காது பின்னால் மடங்கினாலோ வால் தரையில் அடித்தாலோ நிறுத்துங்கள். நேற்றுவரை மடியில் கிடந்த பூனை இன்று தொட்டதும் சீறினால் அதன் குணத்தைப் பற்றிப் பேசாமல் அதன் முதுகைப் பாருங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பூனைக்கடி உள்ளே சீழ் பிடிக்கும். பிறகு அந்தப் பூனையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.